பழைய ஒயிலை எங்கே ஊற்றுவது? ஸ்காபரோத் தம்பிக்கு விசுவமடுவிலிருந்து

தம்பி, உங்கள் கேள்வியை வன்னியில் ஊருக்கு வந்து நிற்கிற நேரத்தில், அண்ணன் வீட்டு வளவில் மாமரத்துக்குக் கீழே இருந்து வாசித்தேன். கனடா வந்து எட்டு மாதம், பழைய கொரொல்லா ஒன்று வாங்கி ஒயிலை நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். கழற்றிய ஒயிலை றோட்டோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) ஊற்றப் போக, மேல்வீட்டு ஐயா சத்தம் போட்டிருக்கிறார். இப்போது பேஸ்மென்ற் மூலையில் ஒரு கலன் பழைய ஒயில், ஒரு கலன் பச்சைக் கூலன்ட் (ரேடியேற்றர் தண்ணீர்), முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பெயின்ற் வாளி, செத்த பற்றரி. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, காசு கேட்பார்களா, அகதி வழக்கு முடியாத நேரத்தில் பெயர் முகவரி பதிந்து வில்லங்கம் வருமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிப் பயத்தை முதலில் தீர்க்கிறேன். வில்லங்கம் வராது. நகரச் சேவைகளுக்கு வருகிற ஆட்களிடம் குடிவரவு நிலையைக் கேட்கக்கூடாது என்று ஸ்காபரோவும் அடங்குகிற ரொறன்ரோ மாநகரசபை 2013 இலேயே முடிவெடுத்துவிட்டது. நீங்கள் நகரத்துக்குள் குடியிருக்கிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். முகவரி உள்ள ஏதாவது ஒரு கடதாசியைக் கையில் வைத்திருங்கள், போதும். வீட்டுப் பாவனையில் மிஞ்சிய இந்த மாதிரிச் சாமான்களுக்குக் காசும் இல்லை.

மேல்வீட்டு ஐயாவோடு கோபிக்க வேண்டாம். அவர் சத்தம் போட்டது உங்கள் நல்லதுக்கு. ஆனால் உங்களுக்கு ஏன் அது தெரியவில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது. நானும் அதே மண்தான்.

இன்று காலை அண்ணன் தன்னுடைய 35 உழவு மிசினுக்கு ஒயில் மாற்றினார். காலபோக உழவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே பார்த்து வைத்தால்தான் சரி என்கிறார். அடி நட்டைக் கழற்றியதும் கறுப்பாக, தேன் மாதிரி இழுத்துக்கொண்டு வாளிக்குள் விழுந்தது. கொஞ்சம் ஆறவிட்டு, பழைய மண்ணெண்ணெய் ரின் ஒன்றுக்குள் வடித்தார். சிந்திய இடத்தில் ஒரு பிடி சாம்பல். அப்புறம் வேலிக்குப் போட வைத்திருந்த மரக் குற்றிகளின் அடியில் பழைய சேலைத் துண்டால் பூசத் தொடங்கினார். மண்ணுக்குள் நிற்கிற முழங்கை உயரம் மட்டும். கறையான் வராதாம். எங்கள் அப்பு பனஞ்சிலாகைக்குப் பூசினார், அவருடைய அப்பு வண்டில் அச்சுக்குப் பூசியிருப்பார். வன்னியில் பழைய ஒயில் கழிவு இல்லை, சாமான். கேட்டு வாங்கிப் போவார்கள். ஊற்றுவதற்கு இடம் தேடிய ஒருவரை நான் இங்கே கண்டதில்லை.

அதுவும் 90களில் வளர்ந்த எங்களுக்கு. பெற்றோல் தடை, பற்றரி தடை. மோட்டார்சைக்கிளை ஊசிக் குழாயால் நாலு துளி பெற்றோல் அடித்து உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டு வரும், தண்ணீர் மாதிரி இளகிவிடும். அதையும் எடுத்து, தெளியவிட்டு, வேறு எதற்காவது பாவித்தோம். செத்த ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி கேட்போம். அதுவும் முடிந்தால் உடைத்து, உள்ளே இருக்கிற கரியை அரைத்துப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். கை இரண்டு நாளைக்குக் கறுத்துக் கிடக்கும். அது மங்கனீசு என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னது?

இப்படி வந்த ஒருவனுக்கு, ‘எறிவது’ என்ற வேலை பழக்கமில்லை. ஸ்காபரோவில் குற்றியும் இல்லை, சிலாகையும் இல்லை, வாங்கிப் போக அயலும் இல்லை. முன்னுக்கு ஒரு கான் இருக்கிறது. கம்பி மூடிக்குள் ஊற்றினால் போய்விடும் போலத்தான் தெரியும்.

எங்கே போகிறது தெரியுமா? அந்தக் கான் வீட்டுக் கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்ததில்லை. அது மழைத் தண்ணீருக்கு. ஸ்காபரோவின் பெரும்பகுதியில் அது சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஹைலண்ட் கிறீக் போன்ற ஓடைகளுக்குப் போய், அங்கிருந்து ஒன்ராறியோ வாவிக்குப் போகும். புரட்டாதி மாதம் மோர்னிங்சைட் பூங்காப் பக்கம் போய்ப் பாருங்கள், கை நீளத்துச் சமன் (சால்மன்) மீன்கள் அந்த ஓடையில்தான் எதிர்நீச்சல் போடும். நாங்கள் குழாயில் குடிக்கிற தண்ணீர் எடுப்பதும் அதே வாவியில். யாழ்ப்பாணத்துச் சுண்ணாகத்தில் மின்நிலையப் பக்கமிருந்து கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கி, 2015 அளவில் சனம் தெருவில் இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு என்று தீர்த்தது. கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நீங்களே கொண்டுபோவது. நகரத்துக்கு என்று கழிவு ஏற்கும் நிலையங்கள் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டியது ட்ரான்ஸ்ஃபர் பிளேஸ் என்ற சின்ன வீதியில் இருக்கிறது. போக முன் நகரசபையின் 311 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து, ஆபத்தான கழிவு எந்த நாள், எந்த நேரம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடக்கினால் ‘தமிழ்’ என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பவர் ஒருவரை லைனில் எடுப்பார்கள். இரண்டாவது, அவர்களே வீட்டுக்கு வந்து எடுப்பது. ‘ரொக்சிக் ராக்சி’, அதாவது நச்சு ராக்சி என்று பெயர். பெயர் பகிடியாக இருந்தாலும் நல்ல சேவை, அதுவும் இலவசம். ஆனால் ஆகக் குறைந்தது 10 லீற்றர் சேர்ந்திருக்க வேண்டும், 50க்கு மேல் எடுக்கமாட்டார்கள். கொரொல்லா ஒயில் 4 லீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். கூலன்ட் கலனையும் சேர்த்தால் 8 என்று வையுங்கள்.

கொண்டுபோகிற விதத்தில்தான் எங்கள் ஆட்கள் பிழை விடுகிறவர்கள். ஒயிலை, அது வந்த போத்தலிலேயே திரும்ப வடித்து, மூடியை இறுக்கி, மேலே என்ன என்று எழுதி ஒட்டுங்கள். கோலாப் போத்தலில் ஒருபோதும் வேண்டாம். சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது எங்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கதை. ஒயில் பில்ரரைக் கவிழ்த்து ஒரு இரவு வடியவிட்டு, பைக்குள் கட்டித் தனியாகக் கொண்டுபோங்கள். கார் டிக்கிக்குள் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளிக்குள் நிமிர்த்தி வையுங்கள்.

முக்கியம், ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். ஒயில் தேய்ந்து போவதில்லை தம்பி, அழுக்காகிறது, சேர்த்த மருந்துகள் தீர்கின்றன, அவ்வளவுதான். தனி ஒயிலாகக் கொடுத்தால் வடித்துச் சுத்தம் செய்து திரும்ப ஒயிலாக்கலாம். அதற்குள் கூலன்டோ பெற்றோலோ ஒரு குவளை விட்டால் அதற்குத் தகுதியில்லாமல் போய்விடும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே கலனுக்குள் ஊற்றுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறேக் ஒயிலும் அப்படித்தான், தனியாக. அது கார் பெயின்றில் பட்டால் தோலை உரித்துவிடும்.

கூலன்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

நான் வந்த இரண்டாவது வருடம், பங்குனி மாதம், பின்வளவில் காருக்கு ரேடியேற்றர் குழாய் மாற்றினேன். பச்சைத் தண்ணீரை ஒரு அலுமினியத் தட்டில் பிடித்து, நாளைக்குப் பார்ப்போம் என்று வேலியோரம் வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டேன். அதில் இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிப்பு. அப்போது எனக்குத் தெரியாது. காலையில் வந்து பார்த்தால் தட்டில் பாதிதான் இருந்தது. விளிம்பில் சின்னச் சேற்றுக் கால் அடையாளம் நாலைந்து. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கிழவி தன் பூனையைத் துணியில் சுற்றிக்கொண்டு காருக்குள் ஏறினா. உடம்புக்குள் போய் அது கல் மாதிரிச் சிறுநீரகத்தில் படியும், பூனைக்கு ஒரு தேக்கரண்டி அளவே காணும் என்று பிறகு வாசித்தேன். கிழவியிடம் போய்ச் சொல்லவில்லை. ஆங்கிலம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்ல வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. அவ அதற்குப் பிறகும் எனக்குக் கையைக் காட்டிக்கொண்டுதான் போவா.

ஆகவே உங்கள் பச்சைக் கலனுக்கு இன்றைக்கே மூடி போடுங்கள். மேல்வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

பற்றரி சுகம். புதியது வாங்கும்போது பழையதைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறோம் என்று கடைகள் ஒரு தொகையைக் கூட்டி வாங்கியிருக்கும், பில்லைப் பாருங்கள். உள்ளே இருக்கிற ஈயத்துக்குத்தான் மதிப்பு, பாரத்தில் பாதிக்கு மேல் அதுதான். இங்கே விசுவமடுவிலும் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கியோடு வருகிறார், பற்றரிக்குக் கிலோக் கணக்கில் காசு. சின்ன வயதில் முல்லைத்தீவில் மாமா பழைய பற்றரியை உடைத்து, ஈயத்தைச் சிரட்டை நெருப்பில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பார். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் புகையை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் உடைக்க வேண்டாம், சரிக்கவும் வேண்டாம், அமிலம் வழியும். ஃபோன் பற்றரி, துளைகருவிப் பற்றரி எல்லாம் வேறு சாதி. அவற்றைக் குப்பையில் போட்டால் லொறிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டித் தனியாகக் கொடுங்கள்.

பெயின்றும் அதே நிலையத்துக்கே. ஒன்ராறியோவில் பெயின்ற், கூலன்ட், ஒயில் பில்ரர், ஒயில் வந்த போத்தல் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கும் பொறுப்பு, அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் தலையில் 2021 முதல் விழுந்திருக்கிறது. நீங்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்கப் போவதில்லை. அம்மா அப்பா வந்து சேர்ந்தால், மிஞ்சின மாத்திரையும் இன்சுலின் ஊசியும் மருந்துக்கடையிலேயே திருப்பி எடுப்பார்கள். கழிவறையில் போட வேண்டாம்.

எது ஆபத்தான கழிவு என்று சந்தேகம் வந்தால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். கனடாவில் நாலு குறி: மண்டையோடு, நெருப்பு, எலும்பு தெரிகிற கை, வெடித்துச் சிதறுகிற உருண்டை. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது எங்கள் வயல் வரம்பெல்லாம் சிவப்புப் பலகையில் அதே மண்டையோடுதான் நின்றது. எனவே எங்கள் ஆட்களுக்கு அந்தக் குறியை மொழிபெயர்க்கத் தேவையில்லை. (ஸ்காபரோவில் மிதிவெடி என்றால் முட்டை வைத்த ரோல்ஸ். முதல் தடவை கடையில் கேட்டபோது நான் ஒரு அடி பின்னுக்குப் போனேன்.) ரோல்ஸ் பொரித்த எண்ணெயையும் சிங்குக்குள் ஊற்றாதீர்கள். பேஸ்மென்ற் குழாய் அடைத்தால் தண்ணீர் முதலில் ஏறுவது உங்கள் கட்டிலுக்குக் கீழேதான்.

பனிக்காலத்தில் ஒயிலை நீங்களே மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கராஜில் மாற்றினால் பழையதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசு, விறைத்த விரலுக்கு எண்ணெய் பூசவும் காணாது.

இதை எழுதிக்கொண்டிருக்க அண்ணன் ரின்னை மாமரத்தடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கிணற்றுக்கு எட்டடி இருக்கும். நான் தூக்கிக்கொண்டுபோய் மிசின் கொட்டிலுக்குள் வைத்தேன். வந்து பார்த்துவிட்டு, ‘கனடாக்காரனுக்கு ஒயிலுக்கும் பயமோ’ என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். மண்டையை ஆட்டிவிட்டு மிச்சக் குற்றிகளுக்குப் பூசப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை நான் திரும்பி வந்துவிடுவேன். என் கராஜில் ஒரு 5 லீற்றர் கலன் ஒயில் சும்மா கிடக்கிறது. உங்களுடையதோடு கணக்கில் சேர்த்தால் 10 தாண்டிவிடும். 311 க்கு அடித்து உங்கள் முகவரிக்கே ராக்சியைப் பதியுங்கள், நான் காலையில் கொண்டுவந்து தருகிறேன்.