மலைக்குள் பறப்பதும் கேமராவும்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சின்ன விமானம் ஓட்டுகிறேன். பின்னால் ஒரு குட்டிச் சக்கரம் வைத்த பழைய விமானம். வார இறுதியானால் மலைக்குள், காட்டுக்குள் இருக்கும் மண் ஓடுதளத்திலோ புல் ஓடுதளத்திலோ போய் இறங்குவேன். இங்கே இதை 'பேக்கன்ட்ரி' பறத்தல் என்பார்கள். இதைப் பற்றியும் இதைப் படம் பிடித்துப் போடுவதைப் பற்றியும் நம் ஆட்கள் நிறைய பேர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அண்ணா, வீடியோவில் ஆற்று மணலிலும் மலை முகட்டிலும் சர்வசாதாரணமாக இறங்குகிறார்கள். நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா?

ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, காலையில் போய், காற்று எழும்பும் முன் திரும்பினால் செய்யக்கூடியதுதான். ஆனால் வீடியோவில் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன.

ஐடஹோ நடுவில் ஃபிராங்க் சர்ச் வனப்பகுதி இருக்கிறது. 1980இல் சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். 23 லட்சம் ஏக்கருக்கு மேல். உள்ளே சாலை கிடையாது, ஆனால் பழைய ஓடுதளங்களை அப்படியே விட்டுவைத்தார்கள். பாதிக்கு மேல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும். நீங்கள் நேராக வந்து இறங்க முடியாது, ஆற்றோடு வளைந்து வளைந்துதான் வரவேண்டும். பல இடங்களில் கடைசி வளைவு திரும்பிய பிறகுதான் ஓடுதளமே கண்ணில் படும். எதிரே மலை. அதாவது ஓர் இடம் தாண்டிவிட்டால் 'வேண்டாம்' என்று மேலே ஏறிப் போக வழியில்லை. இறங்கியே ஆகவேண்டும்.

இன்னொன்று வெயில். ஜான்சன் கிரீக் என்ற புகழ்பெற்ற புல் ஓடுதளம் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. மதியம் 30 டிகிரி அடித்தால், காற்றின் அடர்த்தி குறைந்து விமானத்துக்கு அது 8,000 அடி மாதிரி ஆகிவிடும். அந்த உயரத்தில் சாதாரண எஞ்சின் தன் சக்தியில் முக்கால் பங்குதான் தரும். காலை ஏழு மணிக்கு அழகாக எழும்பிய அதே விமானம், இரண்டு மணிக்கு அதே புல்லில் எழும்பாமல் மரத்தை நோக்கி ஓடும். வீடியோவில் இரண்டுக்கும் ஒரே பச்சைப் புல், ஒரே நீல வானம்.

கேள்வி (சென்னை): கேமரா சும்மா பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? அது எப்படிப் பறப்பதை மாற்றும்?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். ஓடுதளத்தின் ஓரத்தில் ஆற்றங்கரையில் என் நண்பர் கேமராவோடு நின்றிருந்தார். நல்ல பொன் வெளிச்சம். கடைசி வளைவுக்கு வரும்போது என் வேகம் இருக்கவேண்டியதைவிட மணிக்கு எட்டு மைல் கூடுதல். அது எனக்குத் தெரியும். தனியாக வந்திருந்தால் அங்கேயே த்ராட்டிலைத் தள்ளி எஞ்சின் சக்தியைக் கூட்டி, பள்ளத்தாக்கு அகலமாக இருக்கும்போதே திரும்பி, இன்னொரு சுற்று வந்திருப்பேன். வழக்கமாக அப்படித்தான் செய்வேன். அன்றைக்கு 'அவர் எடுத்துக்கொண்டிருக்கிறாரே, வெளிச்சம் போய்விடுமே' என்று தோன்றியது. ஒரு நொடி. வளைவைத் தாண்டிவிட்டேன். அப்புறம் வேறு வழியில்லை.

ஓடுதளத்தின் நடுவில் போய்த்தான் சக்கரம் தொட்டது. பிரேக்கை அழுத்தினால் வால் தூக்குகிறது, விட்டால் ஓடுகிறது. அழுத்தி, விட்டு, அழுத்தி, கடைசியில் வில்லோ புதருக்கு இருபதடி முன்னால் நின்றது. கால் நடுங்கியது.

அந்த வீடியோவை நண்பர் அனுப்பினார். பிரமாதமாக இருந்தது! தூசி பொன்னாக எழும்புகிறது, விமானம் கம்பீரமாக வந்து நிற்கிறது. பார்த்த அத்தனை பேரும் பாராட்டினார்கள். நான் பறந்ததிலேயே மோசமான இறக்கம் அது, அதற்குத்தான் எனக்கு அதிகப் பாராட்டு கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு நானே அதை நல்ல இறக்கம் என்று நம்பத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். கேமரா முன்னால் தப்பு செய்துவிட்டுத் தப்பித்தால், அதைத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் தலைகீழாக உள்ளே போகும்.

லென்ஸும் ஏமாற்றும். இந்தச் சின்ன கேமராக்களில் அகலக் கோண லென்ஸ். மலை தூரமாகத் தெரியும், சரிவு சமமாகத் தெரியும். நீங்கள் உண்மையிலேயே பாறைக்குப் பக்கத்தில் போனாலும் படத்தில் 'ஒன்றுமில்லையே' என்று இருக்கும். அடுத்த தடவை இன்னும் கிட்டே போகத் தோன்றும்.

கேள்வி (திருச்சி): வீடியோவுக்குப் பார்வைகள் கிடைக்கவே விமானத்தை விழவைத்தவர்கள் இருக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ட்ரெவர் ஜேக்கப் என்பவர் 2014 குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட பனிச்சறுக்கு வீரர். 2021 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு பழைய டெய்லர்கிராஃப்ட் விமானத்தை எடுத்துக்கொண்டு போனார். விமானத்தில் பல இடங்களில் கேமரா, முதுகில் பாராசூட். லாஸ் பாத்ரெஸ் தேசிய வனத்துக்கு மேலே 'எஞ்சின் நின்றுவிட்டது' என்று சொல்லிக் குதித்தார். எஞ்சினைத் திரும்ப இயக்கிப் பார்க்கவில்லை, ரேடியோவில் யாரையும் கூப்பிடவில்லை. எஞ்சின் நின்றதாகச் சொன்னதற்கு முன்னாலேயே கதவைத் திறந்திருக்கிறார். ஒரு பர்ஸ் கம்பெனி விளம்பரத்துக்காக எடுத்த வீடியோ அது. அப்புறம் ஹெலிகாப்டர் வைத்து உடைந்த விமானத்தைத் தூக்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்தினார். எஃப்.ஏ.ஏ., அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 2022இல் லைசென்ஸை ரத்து செய்தது. விசாரணைக்கு இடைஞ்சல் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பரில் ஆறு மாதம் சிறை.

அதே 2022 ஏப்ரலில் அரிசோனாவில் இன்னொன்று. பறந்துகொண்டே இரண்டு பைலட்கள் குதித்து விமானத்தை மாற்றிக்கொள்ளும் வித்தை. எஃப்.ஏ.ஏ. அனுமதி மறுத்திருந்தது, அப்படியும் செய்தார்கள். ஒரு விமானம் சுழன்று விழுந்தது. இருவர் உயிருக்கும் சேதமில்லை, இருவர் லைசென்ஸும் போனது.

இவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் என்னைக் கேட்டால் இவர்களைவிட அன்று ஆற்றங்கரையில் நான் செய்தது போன்றதுதான் நிறைய நடக்கிறது. திட்டமிட்டு யாரும் செய்வதில்லை, அந்த ஒரு நொடிதான்.

கேள்வி (பொறியியல் மாணவி, பெங்களூரு): விழுகிற விமானங்கள் ஏன் பெரும்பாலும் திருப்பத்தில் விழுகின்றன?

நல்ல கேள்வி. சமமான உயரத்தில் திரும்பும்போது இறக்கை விமானத்தின் எடையை மட்டுமல்ல, திருப்பத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டும். 45 டிகிரி சாய்ந்தால் சுமை 1.4 மடங்கு. 60 டிகிரி சாய்ந்தால் இரண்டு மடங்கு. ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கையில் காற்று ஒட்டாமல் பிய்ந்து தூக்குவிசை திடீரென்று குறையும் வேகம், அந்தச் சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். ஆக 60 டிகிரியில் 41 சதவீதம் அதிகம். நேராகப் போகும்போது 45 மைலில் ஸ்டால் ஆகும் விமானம் இங்கே 63 மைலிலேயே ஆகிவிடும். இரண்டு இறக்கையும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகாவிட்டால் ஒரு பக்கமாகப் புரண்டு ஸ்பின்னில், அதாவது சுழன்றுகொண்டே கீழே போகும். தரையிலிருந்து 300 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை.

அலாஸ்காவில் இதற்கு 'மூஸ் ஸ்டால்' என்றே ஒரு பெயர் உண்டு. மூஸ் என்பது அங்கே உள்ள பெரிய மான். வேட்டைக்காரர் கீழே மூஸைப் பார்ப்பார், அதைச் சுற்றி வட்டம் போடுவார். கண் மானின் மேல். காற்று விமானத்தைத் தள்ளத் தள்ள, மான் பார்வையை விட்டுப் போகாமலிருக்க வட்டத்தை இறுக்குவார். வேகம் குறைவது தெரியாது. கேமராக்கள் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இது ஆட்களைக் கொன்றிருக்கிறது. இப்போது மானுக்குப் பதிலாகக் கீழே நிற்கும் நண்பரின் கூடாரம், கை அசைக்கும் குழந்தைகள், படம் எடுப்பவர். கண் போகும் இடம் ஒன்றுதான்.

கேள்வி (தஞ்சாவூர், ஓர் அம்மா): தம்பி, என் மகன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். லைசென்ஸ் வாங்கி, மலைக்குள் பறந்து வீடியோ போடுகிறான். பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நான் என்ன சொல்ல?

அம்மா, 'பறக்காதே' என்று சொன்னால் உங்களிடம் சொல்லாமல் பறப்பார். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் செய்தேன்.

அடுத்த தடவை பேசும்போது 'எத்தனை தடவை இறங்காமல் திரும்பி வந்தாய்?' என்று கேளுங்கள். நிறைய சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம். 'இதுவரை ஒரு தடவையும் இல்லை' என்றால், அடுத்து 'மலைப் பறத்தலுக்கு யாரிடம் கற்றுக்கொண்டாய்?' என்று கேளுங்கள். ஐடஹோவில் மெக்கால் ஊரில் இதற்கென்றே பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள். காலை வேளைகளில் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்தாக்காகப் போய்க் கற்பது. அந்த மாதிரி ஒரு வாரத்துக்கு நீங்கள் பணம் கொடுத்தால்கூட அது நல்ல பிறந்தநாள் பரிசு.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி கிடைக்கிறது. அவர் எங்கே இறங்கினார் என்று உங்கள் போனுக்கே செய்தி வரும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா கேட்டால் மறுக்க மாட்டார்.

கேள்வி (சிங்கப்பூர்): கூட்டத்துக்கு மேலே, வீட்டுக்கு மேலே தாழப் பறந்து படம் எடுத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே அமெரிக்காவில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்திலும் ஆள், வாகனம், கட்டடம் எதற்கும் 500 அடிக்குள் போகக் கூடாது. புறப்படவோ இறங்கவோ தேவைப்பட்டால் மட்டும் விலக்கு. 2019இல் நெவாடாவில் ஒரு பைலட், நண்பர் ஒருவரின் நிலத்தில் இறங்க முடியுமா என்று பார்க்கத் தாழப் பறந்தேன் என்றார். பக்கத்து வீட்டுக் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. லைசென்ஸ் 60 நாள் நிறுத்தம். மேல்முறையீட்டில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2023இல் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பில் எனக்குச் சங்கடம் உண்டு. இறங்குமுன் ஒருமுறை தாழப் பறந்து தரையைப் பார்ப்பது நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம். ஆனாலும் வீட்டுப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி (மலேசியா): வால்டெஸ் போட்டியில் இருபதடிக்குள் விமானத்தை நிறுத்துகிறார்கள். அதுவும் காட்சிதானே?

யார் குறைந்த தூரத்தில் எழும்பி இறங்குகிறார்கள் என்று பார்க்கும் போட்டி அது, அலாஸ்காவின் வால்டெஸில் வருடாவருடம் மே மாதம் நடப்பது. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன், கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அங்கே விமான நிலையத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், நடுவர் இருக்கிறார், தீயணைப்பு வண்டி இருக்கிறது, முன்னால் நீண்ட ஓடுபாதை இருக்கிறது. விமானத்தில் பைலட்டும் கொஞ்சம் பெட்ரோலும்தான். பார்த்துவிட்டு வந்தவர் அதே குறைந்த வேகத்தை, இரண்டு ஆளும் கூடாரச் சாமானும் ஏற்றிய விமானத்தில், வளைந்த பள்ளத்தாக்கில் முயற்சி செய்வதுதான் பிரச்சினை.

போட்டிக்களத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2022 மே மாதம் நெப்ராஸ்காவின் வெய்ன் ஊரில் அப்படி ஒரு நிகழ்வில் ஒரு செஸ்னா 140 இறங்கும் சுற்றில் ஸ்டால் ஆகி விழுந்து பைலட் இறந்துபோனார்.

கேள்வி (மதுரை): 'மைல் ஹை' என்ற சரிவான ஓடுதளத்தில் இறங்குவதுதான் என் கனவு. எப்படித் தயாராவது?

நான் முதலில் சொன்ன ஃபிராங்க் சர்ச் வனப்பகுதிக்குள், பிக் கிரீக் ஓடையை ஒட்டி மைல் ஹை, வைன்ஸ், டூயி மூர், சைமண்ட்ஸ் என்று நான்கு ஓடுதளங்கள் உண்டு. மைல் ஹை சில நூறு அடிதான், அதுவும் செங்குத்துச் சரிவு. இந்த நான்கும் அவசரத்துக்கு மட்டுமே என்று வனத்துறை சொல்கிறது. வீடியோவுக்காக ஆட்கள் வரிசையாகப் போய் இறங்கினால், வனப்பகுதியில் விமானமே கூடாது என்று சொல்பவர்களுக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுத்ததாகும். இந்த ஓடுதளங்களைத் திறந்து வைத்திருக்க நிறைய பேர் பல வருடம் மண்வெட்டியோடும் மனுவோடும் உழைத்திருக்கிறார்கள். கனவை ஜான்சன் கிரீக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இறக்கைக்குக் கீழே படுத்துத் தூங்கலாம்.

கேள்வி (கனடா, பயிற்சி பைலட்): அப்படியானால் கேமராவே வேண்டாமா?

வேண்டும். எனக்கு அது நல்ல வாத்தியார். இறக்கைக்குக் கீழே ஒன்று, உள்ளே மீட்டர்கள் தெரிகிற மாதிரி ஒன்று. எஞ்சினை இயக்குமுன் போட்டுவிடுவேன், அணைத்த பிறகுதான் தொடுவேன். நடுவில் பேட்டரி தீர்ந்தால் தீரட்டும். ராத்திரி உட்கார்ந்து, வளைவில் என் வேகம் எவ்வளவு, எந்த இடத்தில் தீர்மானித்தேன் என்று பார்ப்பேன்.

போனைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். 2014 மே மாதம் கொலராடோவில் ஒரு செஸ்னா 150 ராத்திரியில் விழுந்து இருவரும் இறந்தார்கள். கிடைத்த கேமராவில் அதற்கு முந்தைய பறத்தல்கள் பதிவாகியிருந்தன. இருட்டில் தாழப் பறக்கும்போதே ஃபிளாஷ் போட்டு செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். கவனம் போனில் போய், திசை உணர்வு தப்பி, ஸ்டால் ஆகியிருக்கவேண்டும் என்று விசாரணை முடிவு.

அப்புறம் ஒரு சின்ன வழக்கம் வைத்திருக்கிறேன். 'இந்தப் பாறைக்கு வரும்போது வேகம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் திரும்புகிறேன்' என்று பள்ளத்தாக்குக்குள் நுழையும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கேமராவிலும் அது பதிவாகும். சொன்ன பிறகு மீறினால் ராத்திரி என் குரலே என்னைக் கேட்கும்.

கேள்வி (சேலம்): அன்று ஆற்றங்கரையில் நின்ற நண்பரோடு இன்னும் போகிறீர்களா?

போன வாரம்கூடப் போனோம். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன், முதலில் நம்பவில்லை, வில்லோ புதர் வரை நடத்திக் கூட்டிப்போய்ச் சக்கரத் தடத்தைக் காட்டியபிறகுதான் முகம் மாறியது. இப்போது நான் இறங்கும்போது அவர் கேமராவை எடுப்பதில்லை. ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுதளத்தில் மான் நிற்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார். எஞ்சின் நின்ற பிறகு கேமரா வரும். பெரும்பாலும் நான் மீன் பிடிக்கிற படம்தான், மீன் இல்லாமல்.