வீட்டில் தோட்டா நிரப்பலாமா? பத்து மீட்டர் ரைஃபிள் சிதறினால் எங்கே பார்ப்பது?

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டாலும் ஐந்து குண்டும் ஒன்றாக விழாமல் 12 மி.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன. வெளிநாட்டில் தோட்டாக் கூட்டில் வெடிமருந்தை வீட்டிலேயே எடைபோட்டு நிரப்பிக் குறியைக் கூர்மையாக்குவதை வீடியோவில் பார்த்தேன். தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் மாமாவிடம் லைசென்ஸ் பெற்ற 12 போர் துப்பாக்கி உண்டு. அதற்குத் தோட்டா நிரப்பிப் பழகலாமா? மகளின் பெல்லட்டுக்கும் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) அப்படி ஏதாவது செய்ய முடியுமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, தோட்டா செய்யும் லைசென்ஸ் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 'தோட்டா' என்று சொல்லும்போது அதன் உதிரி பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் வட்டாரத்தில் கரிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவது உங்களுக்கே தெரியும். அந்த ஊர்களில் வீட்டில் வெடிமருந்தும் ஈயமும் தராசுமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். மாமாவுக்குத் தோட்டா வேண்டுமானால், லைசென்ஸில் குறித்திருக்கும் எண்ணிக்கைக்குள் உரிமம் பெற்ற கடையில் வாங்கட்டும். மகள் பின்னாளில் .22 ரைஃபிளுக்குப் போனாலும் இந்த வேலைக்கு இடமில்லை. அந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், கூட்டை மறுபடி நிரப்ப முடியாது.

இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. தோட்டா நிரப்புகிறவர்கள் தேடுவது ஒவ்வொரு சுடுதலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதைத்தான். ஏர் ரைஃபிளில் மருந்தே இல்லாமல் அதை அடையலாம். 4.5 மி.மீ. குழலும் குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸும் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் சுமார் 7.5 ஜூலில்தான் இயங்குகின்றன.

வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் தராசு வாங்கத்தான் ஓடுகிறார்கள். பத்து மீட்டரில் எடைக்கு உள்ள பங்கு சிறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.53 கிராம் பெல்லட், நொடிக்கு 170 மீட்டர் வேகம். பத்து மீட்டர் தள்ளியுள்ள குறி அட்டையை எட்ட சுமார் 0.06 நொடி ஆகும். அதற்குள் அது கீழே இறங்குவது ஏறக்குறைய 17 மி.மீ. ஒரு பெல்லட் 5 மில்லிகிராம், அதாவது 1 சதவீதம், கனமாக இருந்தால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் 0.17 மி.மீ. கூடும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. உங்கள் 12 மி.மீ. சிதறலுக்கு எடை காரணமாக இருக்கவே முடியாது.

முதலில் திருகுகளைப் பாருங்கள். தோளில் அணைக்கும் கட்டையையும் குழலையும் பிணைக்கும் திருகு, குறிபார்க்கும் பின்குறியைப் பிடித்திருக்கும் திருகு இரண்டும் தளர்ந்திருந்தால் எந்தப் பெல்லட்டும் ஒன்று சேராது. கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் ரைஃபிளாக இருந்தால் அதை மூட்டைமேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. சுடும்போது அது முன்னும் பின்னும் குலுங்கும். உள்ளங்கையை மூட்டைமேல் வைத்து, ரைஃபிள் அதன்மேல் தளர்வாக உட்காரட்டும். சிதறல் பாதியாகக் குறைவதற்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

அடுத்தது குழல். ஈயப்படிவு சேர்ந்திருந்தால் நன்றாகச் சேர்ந்து விழுந்தது மெல்ல மெல்ல விரியும். இரும்புக் கம்பியோ பித்தளை பிரஷோ உள்ளே போகக் கூடாது. மீன்பிடி நரம்பில் துணித்துண்டு கட்டி, பெல்லட் போடும் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். முதல் துணியில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய், பிறகு கறை வராத வரை உலர்ந்த துணி. எண்ணெய் மிச்சம் இருக்கக் கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளில் அது அழுத்த அறைக்குள் போனால் சூட்டில் பற்றிக்கொண்டு வெடிக்கும், வாஷரும் ஸ்பிரிங்கும் போய்விடும். சுத்தம் செய்த பின் முதல் 10, 15 குண்டு ஒழுங்காக விழாது. அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இப்போது பெல்லட். போட்டிக்கு உரியது தட்டைத் தலை கொண்ட வகை. டின்னில் 4.49, 4.50, 4.51 என்று தலையளவு போட்டிருக்கும். தலை சிறியதாக இருந்தால் குழலுக்குள் சாய்ந்து போகும், ஓரமாகக் காற்றும் கசியும். பெரியதாக இருந்தால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், ஈயம் உருமாறும். எந்த அளவு உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும், ஒரே மாடல் ரைஃபிள் இரண்டுக்குக்கூட வேறுபடும். ஒரே கம்பெனியின் மூன்று அளவிலும் ஒவ்வொரு டின் வாங்குங்கள். அளவு மாற்றும்போதெல்லாம் 10 குண்டு வீணாகச் சுட்டுக் குழலைப் பழக்குங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு வீதம் ஐந்து அட்டை. துளைக்கூட்டத்தின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். மோசமான அட்டையையும் ஒதுக்காமல் சராசரி எடுங்கள். ஒரு நல்ல அட்டையை மட்டும் பார்த்து டின்னைத் தேர்ந்துவிடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. கழித்து வருவது 2 மி.மீ.க்குள் நின்றால் ரைஃபிளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டின்னில் தொகுதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் அடுத்த தொகுதி வேறுமாதிரி நடந்துகொள்ளலாம். பொருந்திய தொகுதியில் நான்கைந்து டின்னாகச் சேர்த்து வாங்குவது நல்லது.

ஸ்கர்ட் எனப்படும் பின்பக்க மெல்லிய விளிம்பு நசுங்கியவற்றை நீக்குங்கள். கண்ணாடித் தகட்டைச் சற்றே சாய்த்து ஒவ்வொன்றாக உருட்டுங்கள். நல்லது சீரான வளைவில் போகும், கோணலானது தள்ளாடும். டின்னைக் குலுக்குவது, கீழே போடுவது இரண்டும்தான் விளிம்பைக் கெடுக்கின்றன.

இத்தனையும் முடிந்த பிறகு தராசு வாங்க ஆசை இருந்தால் 0.001 கிராம் காட்டுவதாக வாங்குங்கள். 0.01 கிராம் தராசு இந்த வேலைக்கு உதவாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போட்டு, 5 மில்லிகிராமுக்கு மேல் விலகுவதை மட்டும் பழக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

காற்றுச் சிலிண்டர் ரைஃபிளானால், 200 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அளவு) நிரப்பியதைத் தருமபுரி வெயிலில் மூடிய காரில் விட்டுவிடாதீர்கள். வெப்பம் 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் 220 பாராகும். சிலிண்டரில் பொறித்த தேதியிலிருந்து 10 ஆண்டுதான் ஆயுள். அதில் ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது.

மொட்டைமாடியில் பழகுவதானால் அட்டைக்குப் பின்னால் ஆளுயரச் சுவர் அவசியம். சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டியில் குண்டு விழட்டும், நேர்த்தகடு குண்டைத் திருப்பி அனுப்பும். மாந்தோப்புக் கிளி மீதோ மயில் மீதோ அந்த ரைஃபிள் திரும்பினால் 1972 வனவுயிர்ச் சட்டப்படி வழக்கு. ஈயத்தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெல்லட்டை வாயில் வைக்கும் பழக்கம் மகளுக்கு இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.