மோரை ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: எனக்கு 46 வயது. காலையில் பால் காபி இரண்டு டம்ளர் குடித்தால், ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமிக் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. நாட்டு மாட்டுப் பாலுக்கு மாறியும் பயனில்லை. தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். எலும்பு பலவீனமாகிவிடுமோ?

பதில்: பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கச் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கும். நாட்டு மாடோ எருமையோ ஆடோ, 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் உண்டு. காய்ச்சினாலும் குறையாது. கூடுதல் விலை கொடுத்தும் உங்கள் வயிறு அடங்காததற்குக் காரணம் இதுதான்.

நெய்யையும் மோரையும் தண்டித்ததுதான் அநியாயம். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பால் தயிராக உறையும்போது பாக்டீரியாக்களே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கவும் குடலுக்குள் உதவுகின்றன. நன்றாகப் புளித்த தயிரைக் கடைந்து, நீர் விளாவி, மதியச் சோற்றுக்கு ஊற்றிப் பாருங்கள். பால்கோவாவில் மட்டும் கை வைக்காதீர்கள்; அது சுண்டிய பால்.

பாலை இரண்டு வாரம் முழுமையாக விடுங்கள். வயிறு அமைதியானால், இட்லி சாப்பிட்ட பிறகு 50 மில்லி பால் விட்ட காபியோடு தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சிறிது கூட்டுங்கள். ஒரே வேளையில் சுமார் 12 கிராம் லாக்டோஸைப் பெரும்பாலோர் பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள். உங்கள் இரண்டு டம்ளரிலும் சேர்த்து 300 மில்லி பால் இருந்தால், வெறும் வயிற்றில் 15 கிராம்!

கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம். கூழாக்கி மோர் விட்டுக் கரைத்துக் குடித்தால் இரட்டை லாபம். எள்ளும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லவை.

பாலை விட்ட பிறகும் பேதி நிற்கவில்லை, எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது என்றால், காபியைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். பால் குடித்ததும் உடம்பு தடித்து அரித்தாலும், மூச்சு இரைத்தாலும் அது பால் ஒவ்வாமை. அதற்கு இந்த 50 மில்லிக் கணக்கு ஆகாது, துளிப் பாலும் ஆபத்து.