பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் ஹிஜாப் அணியலாமா?

அணியலாம். அங்கே ஹிஜாபைக் கழற்றியே ஆக வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பிரான்சின் லியோன் நகரில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்துள்ள உங்கள் மகளை, வகுப்பறையில் ஹிஜாபைக் கழற்றுமாறு பொதுவாக யாரும் சட்டப்படி கேட்க முடியாது.

உறவினர் உங்களைப் பயமுறுத்தியதற்குக் காரணம், மத அடையாளங்களை வெளிப்படையாக அணிவதைத் தடுக்கும் 2004 மார்ச் மாதச் சட்டத்தை அவர் எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் பொருத்திப் பார்த்ததாகவே இருக்கும். அச்சட்டம் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது. 2023இல் வந்த அபாயா (உடலை மூடும் நீண்ட அங்கி) தடையும் அவ்வாறே. 2010ஆம் ஆண்டுச் சட்டம் முகத்தை மூடுவதைப் பொது இடங்களில் தடுக்கிறதே தவிர, முகம் தெரியும் ஹிஜாபைத் தொடுவதில்லை.

ஆனால் செவிலியர் படிப்பு என்பதால் ஒன்றை இப்போதே சரிபாருங்கள். அரசு மருத்துவமனையில் பயிற்சி பெறும் நாட்களில் மாணவியரும் ஊழியர்களைப் போலவே மதச்சார்பற்ற தோற்றத்தில், அதாவது ஹிஜாப் இல்லாமல், இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பயிற்சி எங்கே, எத்தனை வாரம், எந்த உடை என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விமானம் ஏறிய பிறகு இது தெரியவந்தால் அந்தப் பிள்ளை தனியாக நின்று தவிக்க நேரிடும். அதை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது.

தேர்வு அறையில், காதில் கருவி ஏதும் இல்லை என்று காட்டுவதற்காகத் துணியைச் சற்று விலக்கச் சொல்லக்கூடும். அது தண்டனையன்று, எல்லோருக்கும் உள்ள சோதனைதான் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடக்கும் உயர்படிப்புகளுக்கு மட்டும் என் முதல் பதில் பொருந்தாது. அங்கே 2004 சட்டமே செல்லும்.