வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஒப்பந்தங்களால் டெல்டாவின் வேளாண் கல்விக்கு உண்மையில் பயன் உண்டா?

கேள்வி: "மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறோம். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. வேளாண்மை சேர விரும்புகிறாள். பல கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்கின்றன. அதனால் படிப்பின் தரம் உயருமா, அல்லது வெறும் விளம்பரமா?"

இரண்டு வகையும் உண்டு. ஒப்பந்தத் தாளைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. அதன் கீழ் நடக்கும் வேலையில் எவ்வளவு நம் வயலில் நடக்கிறது என்று விசாரித்தால் சொல்லிவிடலாம். திருவாரூர் மாவட்டத்தில் வேளாண் விரிவாக்கப் பணியில், அதாவது ஆராய்ச்சி முடிவுகளை உழவரிடம் கொண்டுசேர்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிகளில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் வந்த குழுக்களை ஊர் ஊராக அழைத்துச் சென்ற பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

நம் வேளாண் பல்கலைக்கழகங்களின் அமைப்பே ஒரு வெளிநாட்டுக் கூட்டுறவின் வழியாக வந்ததுதான். அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தை அடியொற்றி மாநிலந்தோறும் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பாடம் நடத்துவது, ஆராய்வது, ஆராய்ந்ததை உழவரிடம் கொண்டுசேர்ப்பது ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனம் செய்யவேண்டும் என்ற ஏற்பாடு அங்கே நிலைபெற்றது. அந்த ஏற்பாட்டை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1960-இல் இன்றைய உத்தராகண்டில் உள்ள பந்த்நகரில் நிறுவினார்கள். கோவையின் பழைய வேளாண் கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அந்த வரிசையில்தான். ஆனால் தமிழ்நாட்டில் விரிவாக்கப் பணியின் பெரும்பகுதி வேளாண்மைத் துறையிடமே தங்கிவிட்டது. (துறைக்காரனான எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு என்றாலும், மாணவர்களுக்கு அது நட்டம் என்றே நினைக்கிறேன்.) வயலில் எழும் கேள்வி வகுப்பறைக்குத் திரும்பி வரும் பாதை அதனால் குறுகிப்போனது. ஒரு வெளிநாட்டு ஒப்பந்தம் அந்தப் பாதையை அகலப்படுத்துகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

அந்த அளவுகோலுக்கு டெல்டாவின் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1950-களில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு, ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலப்புச் செய்யும் பெருந்திட்டம் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் கோவையின் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்ததில் கிடைத்த சந்ததியை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் விதைத்து, பார்த்து, கழித்து, 1960-களின் நடுவில் வெளியிட்டதுதான் ஆடுதுறை 27. ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வரும் அந்த நெல் குறுவையின் போக்கையே மாற்றியது. அதே திட்டத்தின் வழியாக மலேசியாவில் உருவான மசூரிதான் பின்னாளில் நம் வீடுகளில் பொன்னியானது.

ஆடுதுறை 27 ஒரு சிக்கலையும் கூட்டிக்கொண்டு வந்தது. அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் விழுந்ததால் களத்தில் நெல் நனைந்து முளைவிட்டது. அதற்கான விடையை வெளிநாட்டுப் பாடநூலில் தேடிப் பயன் இல்லாததால், திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967-இல் ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதுதான் வளர்ந்து இடம் மாறி, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்னும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. விதைக்கான மரபணு ஜப்பானில் இருந்து வந்தது. அதனால் எழுந்த ஈரநெல் பிரச்சினை ஒரு நிறுவனத்தையே நம் ஊரில் உருவாக்கியது. ஈரப்பதம் கொள்முதலுக்கான வழக்கமான வரம்பாகிய 17 விழுக்காட்டைத் தாண்டிய குறுவை நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் காத்திருக்கும் உழவரைக் கேட்டால், அந்த ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்பது தெரியும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நீங்களே பயிரிட்டிருக்கக்கூடிய சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம். ஒடிசா உழவர்கள் காலங்காலமாகப் பயிரிட்ட, வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாத ஒரு நாட்டு நெல்லில் இருந்து எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் பிரிக்கப்பட்டிருந்தது. அதன் தாங்கும் திறன் எந்த மரபணுப் பகுதியில் இருக்கிறது என்பதை 1990-களில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கண்டறிந்தார்கள். சப்-1 என்று பெயரிட்ட அந்த மரபணுவைப் பற்றிய முழு விவரம் 2006-இல் வெளிவந்தது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் நம் நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து அதை சி.ஆர். 1009 போல விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிய ரகங்களுக்குள் கொண்டுவந்தன. இதனால் வளர்ச்சிப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் முழுகிக் கிடந்த சம்பாவும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கிறது. ஆனால் 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற கதிர்களைச் சாய்த்தது. அதற்கு இந்த மரபணு காவல் அல்ல. ஒரு தொழில்நுட்பம் எந்த இடத்தோடு நின்றுவிடும் என்பதை மாணவருக்குச் சொல்லித்தர டெல்டாவைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, உள்ளே தெரியும் நீர்மட்டம் மண்பரப்பில் இருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சலாம் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய எளிய உத்தி. தண்ணீரும் மிச்சமாகிறது, மீத்தேன் வெளியேற்றமும் குறைகிறது. வெளிநாட்டு மாணவர்களும் நம் மாணவர்களும் கலந்த ஒரு குழு வாய்க்காலின் கோடியான கடைமடையில் இருக்கும் ஓர் ஊரில் இந்தக் குழாயைப் பதித்து விளக்கியபோது, வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "அய்யா, பம்புசெட்டுக்காரர் காயவிடலாம். எனக்கு முறைத் தண்ணி இன்னைக்கு வந்தா அடுத்த முறை என்னைக்குன்னு யார் சொல்லுவாங்க? வந்த தண்ணியைக் கட்டி வைக்காம எப்படி விடறது, சொல்லுங்க" என்றார். பிறகு எழுந்து போய், பக்கத்து வயலின் வெடிப்புக்குள் விரல்களைச் செருகிக் காட்டினார். நம் களிமண் காய்ந்தால் அப்படிப் பிளக்கும். முதலில் பாயும் தண்ணீர் பயிருக்கு நிற்காமல் வெடிப்போடு இறங்கிவிடும். அந்த மாணவர்கள் குழாய் அளவைக் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மதகு எப்போது திறக்கும், யார் திறப்பார் என்று கேட்கத் தொடங்கினார்கள். பாசன நிருவாகம் என்ற பாடம் அவர்களுக்கு அங்கேதான் தொடங்கியது. இப்படி ஒரு பிற்பகலுக்கு இடம்கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால் அதை நான் தாராளமாகப் பாராட்டுவேன்.

மற்ற வகையையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் கல்லூரியில் முதல்வர் அறைச் சுவர் முழுக்கக் கையொப்பமிடும் படங்கள் தொங்கின. அந்த ஒப்பந்தங்களின் கீழ் என்ன நடந்தது என்று கேட்டபோது, இணையவழிச் சொற்பொழிவுகளைத் தவிர எதையும் காட்ட முடியவில்லை. சில நாள் வெளிநாட்டுப் பயிற்சிகளை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். உலக வங்கியின் கடனுதவியோடு 2017-இல் தொடங்கிய தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தில் அப்படிப் போய்வந்த மாணவர்களோடு பேசியிருக்கிறேன். தயக்கம் விலகித் திரும்பியிருந்தார்கள். அது நல்ல விஷயம். ஆனாலும் அங்கே தொட்ட கருவியை இங்கே எந்த வயலில் தொடர்வது என்ற ஏற்பாடு இல்லாவிட்டால், அந்தப் பயிற்சி அந்த மாணவரோடு முடிந்துபோகும்.

யாரோடு கைகோக்கிறோம் என்பதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒப்பந்தம் என்றாலே அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போகிறோம். நமக்கு நிகரான சிக்கல்கள் இருப்பதோ வியட்நாமின் மீகாங் டெல்டாவில். மேலே அணைகள், கீழே ஏறிவரும் கடல்நீர், நடுவே நெல்லை நம்பிய சிறு விவசாயிகள் என்று நம் கதைதான் அங்கும். அங்குள்ள கான் தோ பல்கலைக்கழகம் அந்தச் சூழலுக்குள்ளேயே வேளாண்மை கற்பிக்கிறது. மழைக்காலத்தில் நெல், உப்பு ஏறும் கோடையில் இறால் என்று மாற்றிச் செய்யும் முறை அங்கே கடலோரத்தில் வேரூன்றியிருக்கிறது. அதை அப்படியே நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிரான போராட்டம் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன ஊர்கள் இவை. இறால் என்றாலே முகம் சுளிக்கும் விவசாயிகளுக்கு அதற்கான காரணமும் உண்டு. அங்கே ஏன் ஒத்துவந்தது, இங்கே ஏன் வழக்கானது என்பதை இரு நாட்டு மாணவர்களும் வேதாரண்யத்தில் ஒரு பருவம், மீகாங்கில் ஒரு பருவம் தங்கிப் படித்தால், அது எந்த இரட்டைப் பட்டத்துக்கும் குறைந்ததாக இராது.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இளநிலைப் பட்டத்துக்கு வெளிநாட்டு ஒப்பந்தத்தை ஒரு காரணமாகவே வைத்துக்கொள்ளவேண்டாம். கலந்தாய்வில் தரவரிசை இடம்கொடுத்தால் ஈச்சங்கோட்டையையோ கீழ்வேளூரையோ முன்னால் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் டெல்டாவுக்குள் இருக்கும் அரசுக் கல்லூரிகள். பட்டம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடையது. தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், ஒப்பந்தத்தைக் காட்டுகிறவரிடம் கடந்த ஆண்டு அந்த ஒப்பந்தத்தால் எந்த ஊரில், எந்தப் பயிரில், யாருடைய நிலத்தில் வேலை நடந்தது, அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அந்த ஆசிரியரின் பெயர் உடனே வந்தால், அவரையே நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள். இறுதியாண்டில் ராவே என்று கிராமத்தில் தங்கிப் பயிலும் பருவம் வரும். அப்போது கையெழுத்துக்காக மட்டும் போய்வராமல், ஒரே ஊரில் ஒரு மடையின் நீர்க்கணக்கை முழுமையாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதுநிலைக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கும்போது எந்தச் சான்றிதழையும்விட அந்தக் குறிப்பேடு கைகொடுக்கும். ஆய்வுக்களமாக உங்கள் ஊரையே அவள் முன்மொழிந்தால், அங்குள்ள பேராசிரியர் நம் மதகைத் தேடி வரவும் கூடும்.