ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

கேள்வி: ஐயா, பாலிடெக்னிக் முடித்து ஜூரோங் ஈஸ்டில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் சி பிளஸ் பிளஸ் புராஜெக்டை முழுதாக பில்ட் செய்ய, அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக்க, 25 நிமிடம் ஆகும். எத்தனை வேலை முடிந்தது என்று திரையில் நகரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அதெல்லாம் அலங்காரம், கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி), பிழை இருந்தால் மட்டும் பேசினால் போதும்" என்கிறார் சீனியர். உண்மையா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை தம்பி. அவர் சொல்வது யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து வழக்கம். இரண்டு விநாடியில் முடியும் வேலைக்கு அது சரி, 25 நிமிடத்துக்கு ஆகாது.

2008இல் யூனோஸ் பக்கம் வேலை பார்த்தேன். எங்கள் பில்ட் ஸ்கிரிப்ட் ஒரு வரிகூடக் காட்டாது. ஓர் இரவு பில்டை ஓடவிட்டு, கீழே போய் கோப்பி ஓ குடித்து வந்தேன். கர்சர் அதே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பில்டை நிறுத்தவும் பயம், காத்திருக்கவும் பயம். கடைசி ரயிலும் போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, மெமரி போதாமல் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) டிஸ்கில் எழுதுவதும் எடுப்பதுமாகத் திணறியிருக்கிறது. 'லிங்க் ஆகிறது' என்று ஒரு வரி வந்திருந்தால் சீக்கிரமே பிடித்திருப்பேன்.

டாஸ் காலத்து டர்போ பாஸ்கல் கம்பைலரே எத்தனை வரி முடிந்தது என்று எண்ணிக் காட்டியது. முன்னேற்றம் தெரிகிற மென்பொருளையே மக்கள் விரும்புகிறார்கள் என்று கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985இலேயே சோதித்து எழுதினார்.

ஆனால் அந்த எண்ணை நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஞ்சா என்ற பில்ட் கருவி காட்டும் 1200/2840 என்பது முடிந்த வேலைகளின் எண்ணிக்கைதான். டெம்ப்ளேட் (கம்பைலர் பல வகைகளுக்கு நிரலை விரித்துக்கொள்ளும் அச்சு) நிறைந்த ஒரு கோப்பு ஒரு நிமிடம் இழுக்கும், சின்னக் கோப்பு கண் இமைப்பதற்குள் முடியும். சிமேக் என்ற கருவி உருவாக்கும் மேக்ஃபைல்களில் (பில்ட் கட்டளைக் கோப்புகளில்) வரும் சதவீதமும் இதே கணக்குதான். ஒரே கோப்புக்குள் ஆப்டிமைசர் (நிரலை வேகமாக்கும் கம்பைலர் பகுதி) எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை வரிகளை எண்ணிச் சொல்ல முடியாது, அதனால்தான் கம்பைலர்கள் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை.

2839/2840 என்று நின்றால் பதறி நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது லிங்க்தான், கம்பைல் ஆன அத்தனை ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கும். அப்போது மெமரி எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பல லிங்க் வேலைகள் ஒன்றாக ஓடும்போது நிரம்பி வழிந்தால், சிமேக்கில் ஜாப் பூல் (ஒரே நேர வேலைகளுக்கு வரம்பு) வைத்து, ஒரே சமயத்தில் ஓடும் லிங்க் வேலைகளை ஒன்றிரண்டாகக் குறையுங்கள்.