கொட்டேஷனில் ஒரு விலை, டெலிவரியில் இன்னொரு விலை

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். குடும்பத்துக்காக வாங்கும் முதல் கார். மூன்று ஷோரூம்களில் விசாரித்து, ஆன்-ரோடு விலை குறைவாகச் சொன்ன இடத்தில் நவம்பரில் 25,000 ரூபாய் கட்டி புக் செய்தேன். எக்ஸ்-ஷோரூம் விலை 11,20,000 ரூபாய் என்று போட்டு, மொத்தக் கணக்கையும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிசம்பர் மூன்றாவது வாரம் டெலிவரி என்பதும் அதிலேயே இருக்கிறது. 30,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னது மட்டும் வாய்வார்த்தை. டிசம்பரில் வண்டி வரவில்லை. ஜனவரி பிறந்ததும் கூப்பிட்டு, "கம்பெனி விலையை ஏற்றிவிட்டது, 18,000 கூடுதலாகக் கட்டுங்கள்" என்கிறார்கள். அதோடு 26,000 ரூபாய்க்கு அக்சஸரீஸ் எடுத்தே ஆக வேண்டுமாம். ஹேண்ட்லிங் சார்ஜ் 9,000. இன்சூரன்ஸும் அவர்களிடமே, 61,000. வெளியே விசாரித்தால் 43,000தான் வருகிறது. தள்ளுபடியைக் கேட்டால் "அந்த ஆஃபர் முடிந்துவிட்டது" என்கிறார்கள். வேண்டாமென்றால் புக்கிங் பணத்தில் 10,000 பிடித்துக்கொள்வார்களாம். லோன் சாங்ஷன் ஆகிவிட்டது. பேசிய விலைக்கே வண்டியை வாங்க எனக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் வாட்ஸ்அப் கணக்கும் புக்கிங் ரசீதும் நீங்கள் நினைப்பதைவிடப் பலமானவை. முதல் வேலையாக அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். போனை மாற்றாதீர்கள், எதையும் டெலீட் செய்யாதீர்கள். பின்னால் மின்னணு ஆதாரமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி ஒரு சான்று இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த போன் உங்களிடம் இருப்பது நல்லது.

கார் விலையைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. எக்ஸ்-ஷோரூம் விலை என்பது சட்டம் நிர்ணயித்த விலை அல்ல. டீலர் அதற்குக் கீழே விற்கலாம். எவ்வளவு குறைப்பது என்பது பேரத்தில் முடிவாவது. ஆனால் பேரம் முடிந்து ஒரு தொகையில் இருவரும் நின்றுவிட்டால், அந்தத் தொகைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(6), எவற்றுக்கெல்லாம் புகார் கொடுக்கலாம் என்று சொல்லுமிடத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் கேட்பதையும் சேர்த்திருக்கிறது. உங்கள் வழக்கு இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

எதிர்த் தரப்பு எதைக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புக்கிங் படிவத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், "டெலிவரி நாளில் நடைமுறையில் உள்ள விலையே பொருந்தும்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டித்தான் 18,000 கேட்பார்கள். குறித்த நாளில் வண்டி தயாராக இருந்து, நீங்கள் எடுக்கத் தாமதித்திருந்தால் அந்த வரிக்கு வலு உண்டு. இங்கே டிசம்பர் மூன்றாவது வாரம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள், தவறவிட்டவர்களும் அவர்கள்தான். ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டிப் பொருளைத் தாமதமாகக் கொடுத்து, அதனால் விலை ஏறினால், அதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை (restrictive trade practice) என்று அதே சட்டத்தின் பிரிவு 2(41) பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தங்கள் தாமதத்தின் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. அரசு வரியை மாற்றினால் மட்டும் கதை வேறு. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 64ஏ-இன்படி, ஒப்பந்தத்துக்குப் பின் வரி ஏறினால் வாங்குபவர் தர வேண்டும், இறங்கினால் அந்தக் குறைவு வாங்குபவருக்குச் சேர வேண்டும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. 2025 செப்டம்பர் 22-இல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது நினைவிருக்கும். உங்களிடம் கேட்பது வரி அல்ல, கம்பெனியின் விலை உயர்வு.

இன்னொன்றையும் உடனே பாருங்கள்: ஜனவரி விலை கேட்கிறவர்கள் எந்த மாதம் தயாரான வண்டியைத் தருகிறார்கள்? விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதியாக வேண்டும். சேஸிஸ் எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வண்டியில் உள்ள தகட்டோடு ஒத்துப் பாருங்கள். போன ஆண்டின் அக்டோபரிலோ நவம்பரிலோ தயாரான வண்டி என்றால், புது ஆண்டின் விலையைக் கேட்க அவர்களுக்கு என்ன நியாயம்? நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது அந்த ஆண்டுக் கணக்கில்தான் விலை குறையும். பழைய ஸ்டாக்கை விற்பது குற்றமல்ல; மறைத்து விற்பது குற்றம். கோவாவில் 2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு 2009-இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடிய வண்டியைக் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021-இல் முடிந்தது. டீலர் செய்த மோசடி, தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்காமல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது தீர்ப்பு. ஆகவே உங்கள் புகாரிலும் முதல் எதிர்மனுதாரர் டீலர்தான்.

அடுத்து அக்சஸரீஸ். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று நிபந்தனை போடுவதும் அதே 2(41)-இல் வருகிறது. மேட், சீட் கவர், கோட்டிங் எதுவும் வேண்டாமென்றால் வேண்டாம். அவை இல்லாமலும் ஆர்.டி.ஓ. வண்டியைப் பதிவு செய்வார்.

ஹேண்ட்லிங் சார்ஜ் வசூலிக்க மோட்டார் வாகனச் சட்டத்திலும் மத்திய விதிகளிலும் எந்த ஏற்பாடும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பின், அதே மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் போடுவதே பிரிவு 41-இன்படி டீலரின் கடமை. பதிவாகாத வண்டியை டெலிவரி கொடுக்கவும் கூடாது என்கிறது விதி 42. அரசுக்குப் போகும் பதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாய். லோன் இருப்பதால் ஹைப்பாதிக்கேஷன் (வண்டி வங்கிக்கு ஈடாக இருப்பது) குறிக்க 1,500. இவற்றுக்கு மேல் 9,000 எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் நவம்பர் கணக்கில் அந்த 9,000 ஏற்கெனவே ஒரு வரியாக இருந்து, நீங்கள் பார்த்துவிட்டுப் பணம் கட்டியிருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் மெலியும். கணக்கை எடுத்து வரிவரியாகப் பாருங்கள்.

இன்சூரன்ஸில்தான் அதிகப் பணம் நழுவுகிறது, அதனால் சற்று விரிவாக. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 அறிவிக்கைப்படி 1000 முதல் 1500 சி.சி. வரையிலான காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 10,640 ரூபாய், வரி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இந்தப் பகுதி ஒன்றுதான். ஆக, 61,000-க்கும் 43,000-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சொந்தச் சேதக் காப்பீட்டிலும் கூடுதல் கவர்களிலும் இருக்கிறது. ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஐ.டி.வி. (வண்டி முழுதாக நஷ்டமானால் கிடைக்கும் காப்பீட்டு மதிப்பு) இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா? புதுக் காருக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம், உங்கள் கணக்கில் 10,64,000 ரூபாய். வெளியே கொடுத்த கொட்டேஷனில் அது 9 லட்சமாக இருந்தால், மலிவுக்குக் காரணம் அதுதான். ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்), இன்ஜின் பாதுகாப்பு போன்றவை இரண்டிலும் உண்டா என்றும் பாருங்கள். எல்லாம் சமமாக இருந்து 18,000 குறைகிறது என்றால் வெளியே எடுங்கள். டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கென 2017-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த நெறிமுறைகள், தங்களிடமே எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. மீறினால் அந்த ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் செய்யலாம். "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது" என்று பயமுறுத்துவார்கள். பழுதுச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் என்பது, அந்த நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்த நிறுவனத்தின் கராஜ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது.

உங்கள் கேஸில் பலவீனமான இடம் அந்த 30,000 தள்ளுபடி. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. எக்ஸிகியூட்டிவுக்கு இன்றே சாதாரணமாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "புக்கிங் சமயத்தில் சொன்ன 30,000 தள்ளுபடி இன்வாய்ஸில் வருமா, தனியாகத் தருவீர்களா?" அவர் "ஆஃபர் முடிந்துவிட்டது சார்" என்று பதில் போட்டாலே, அப்படி ஒரு ஆஃபர் உங்களுக்குச் சொல்லப்பட்டது எழுத்தில் வந்துவிடும். தள்ளுபடி கிடைத்தால் அது இன்வாய்ஸிலேயே குறைக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் குறைத்தால் ஜி.எஸ்.டி.யும் குறைந்த விலைக்குத்தான் விழும். ரொக்கமாகப் பின்னால் தருகிறோம் என்பதை நம்ப வேண்டாம்.

10,000 பிடிப்பதைப் பற்றி: ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி, ஒப்பந்தத்தை மீறியவரிடம் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இங்கே மீறியதும் நீங்கள் அல்ல. அவர்கள் வாக்குத் தவறியதால் நீங்கள் விலகினால் 25,000-உம் முழுதாகத் திரும்ப வர வேண்டும். புகார் எழுதும்போது ஒரு நுணுக்கம்: "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற தலைப்பில் கேட்டால் மாவட்ட ஆணையத்துக்கு அதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் கேட்டது, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்றே எழுதுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு மெயில். டீலரின் பொது மேலாளருக்கு, தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நகலுடன். கோபம் வேண்டாம், இவ்வளவு போதும்: "இந்தத் தேதியில் நீங்கள் அனுப்பிய கணக்கின்படி 25,000 ரூபாய் செலுத்தி முன்பதிவு செய்தேன். டிசம்பர் மூன்றாவது வாரம் டெலிவரி என எழுத்தில் உறுதியளித்தீர்கள். தாமதம் தங்களுடையது என்பதால் அதே எக்ஸ்-ஷோரூம் விலையில் வாகனத்தைத் தரக் கோருகிறேன். அக்சஸரீஸ் வேண்டாம். இன்சூரன்ஸை நானே எடுத்துத் தருகிறேன். ஹேண்ட்லிங் கட்டணத்துக்கான சட்ட அடிப்படையை எழுத்தில் தெரிவிக்கவும். ஏழு நாட்களுக்குள் பதில் இல்லையெனில் சட்ட நடவடிக்கை எடுப்பேன்." பெரும்பாலான தகராறுகள் இந்த மெயிலிலேயே பேச்சுக்கு வந்துவிடுகின்றன, இன்வாய்ஸ் போடும் முன்பே எழுத்தில் கேட்கிற வாடிக்கையாளரிடம் ஷோரூம்கள் இறங்கி வருவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், அதன்பின் வக்கீல் நோட்டீஸ்.

பதிலுக்குக் காத்திருக்கும் அந்த வாரத்தில் மற்ற ஷோரூம்களிடமும் மறுபடி பேசுங்கள். கையில் இன்னொரு கொட்டேஷன் இருந்தால்தான் பேரம் பேசும் குரலில் தெம்பு வரும். வெளியூர் டீலரிடமும் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதிவு செய்ய முடியும். "கம்பெனி இதற்கு மேல் தள்ளுபடி தரவிடாது" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். டீலர்கள் எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்று கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஒப்பிட வேண்டியது எக்ஸ்-ஷோரூம், தள்ளுபடி, இன்சூரன்ஸ், அக்சஸரீஸ் ஆகிய நான்கும்தான். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீத ஆயுட்கால வரி எந்த ஷோரூமிலும் மாறாது. 10 லட்சத்தைத் தாண்டியதால் வசூலிக்கும் 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) செலவே அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். லோனை டீலர் மூலம் எடுத்திருந்தால் வட்டி ஃபிளாட்டா (கடைசிவரை முழு அசலுக்கும்), குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு 7 சதவீத ஃபிளாட் என்பது உண்மையில் சுமார் 12.5 சதவீதம். விலையில் கொடுத்ததை அங்கே திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

வண்டி அவசரமாகத் தேவைப்பட்டு, அவர்கள் கேட்டதைக் கட்டித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உரிமை போய்விடாது. பணம் கட்டுமுன் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், கூடுதல் தொகையைத் திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மெயில் அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் வங்கி வழியாகவே கட்டுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் தனி ரசீது கேளுங்கள். டெலிவரி நாளன்று சாவியோடு சேர்த்து நீட்டும் காகிதக் கட்டில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்ற தாள் இருந்தால் அதில் மட்டும் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டோ எடுக்கும் அவசரத்தில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

வழக்கு என்று வந்தால், நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 50 லட்சம் வரை செலுத்திய பொருளுக்கு அதுவே இடம். 10 முதல் 20 லட்சம் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மெயிலை இந்த வாரமே அனுப்புங்கள். அவர்கள் பதில் போட்டதும், புக்கிங் படிவத்தின் இரண்டு பக்க நகலையும் சேர்த்து எனக்கு அனுப்பி வையுங்கள். பின்பக்க நிபந்தனைகளைப் படித்துவிட்டு, நோட்டீஸ் தேவையா என்று சொல்கிறேன்.